இறுதியாட்டம் முடிந்த மறுநாள்: நட்சத்திரத்தையும் பயிற்றுநரையும் எதை வைத்து எடைபோடுகிறீர்கள்?

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட அணிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், நடுவர்கள், கீப்பர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். பெரிய இறுதியாட்டம் எது முடிந்தாலும் ஒட்டுக்கடையில் அதே பேச்சு: "அவனை ஏன் வெளியே எடுத்தான்? இவனை ஏன் பினால்டி அடிக்க விட்டான்?" விடியற்காலை பெரட்டு (தோட்டத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரம்) வரைக்கும் சண்டை ஓயாது. நம் பையன்கள் அதைக் கேட்டுத்தான் ஆட்டத்தைப் புரிந்துகொள்கிறார்கள். தோற்றவன் முட்டாள், வென்றவன் மேதை என்பதைத் தாண்டி அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் நிறைய இருக்கிறது. எந்த நிமிடத்தில் எதைப் பார்ப்பீர்கள், ஏன் என்று விவரமாக எழுதுங்கள்.

தோட்ட அணிப் பயிற்றுநர்

அண்ணே, 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 18, நம் நேரம் இரவு 11 மணி, லுசைல் அரங்கம். அர்ஜென்டினா 3, பிரான்ஸ் 3, பினால்டியில் 4-2. பயிற்றுநரின் முடிவுகளை எடைபோட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

முதல் முடிவு, அர்ஜென்டினா டி மரியாவை இடது பக்கம் இறக்கியது. காயத்தால் நாக்-அவுட் சுற்றுகளில் அவர் அதிகம் ஆடவில்லை. வழக்கமான இடம் வலது பக்கம். ஆனால் அர்ஜென்டினாவின் பயிற்றுநர் ஸ்கலோனி எதிரணியின் வலது பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அங்கே நின்ற கூண்டே அடிப்படையில் நடுத் தற்காப்பு ஆட்டக்காரர். அவருக்கு முன்னால் நின்ற டெம்பேலே பின்னால் ஓடிவந்து காப்பதில் பழக்கமில்லாதவர். 23வது நிமிடத்தில் பினால்டி வந்ததே டெம்பேலே டி மரியாவைப் பின்னாலிருந்து தட்டிவிட்டதால்தான். 36வது நிமிடத்தில் மெஸ்ஸி, ஆல்வரஸ், மெக் ஆலிஸ்டர் வழியாக வந்த பந்தை முடித்ததும் அதே டி மரியா. ஆட்டம் தொடங்கும் முன்பே நியாயம் சொல்லக்கூடிய முடிவு இது. கோல் விழாமல் போயிருந்தாலும் நான் இதைச் சரி என்றுதான் சொல்வேன்.

அடுத்தது பிரான்சின் பயிற்றுநர் டெஷான். 41வது நிமிடத்தில் ஜிரூவையும் டெம்பேலேயையும் எடுத்துவிட்டு துராமையும் கோலோ முவானியையும் இறக்கினார். இங்கே பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. 90 நிமிடத்துக்குள் ஐந்து மாற்றம் செய்யலாம், ஆனால் அதற்காக ஆட்டத்தை மூன்று முறைதான் நிறுத்தலாம். இடைவேளையில் செய்யும் மாற்றம் அந்த மூன்றில் சேராது. நான்கு நிமிடம் பொறுத்திருந்தால் டெஷானுக்கு ஒரு வாய்ப்பு மிச்சம். தெரிந்தும் ஏன் செலவழித்தார்? முதல் பாதியில் பிரான்ஸ் கோலை நோக்கி ஒரு தடவைகூட உதைக்கவில்லை. மூன்றாவது கோலும் விழுந்தால் கதை முடிந்தது. இடைவேளை வரை காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து என்று முடிவெடுத்திருக்கிறார். முதலில் அனுப்பிய பதினொருவரில் தவறு இருந்தது. அதைத் திருத்திய நேரம் சரி. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிப் பழக வேண்டும்.

71வது நிமிடத்தில் கிரீஸ்மனை எடுத்தார். அந்த உலகக் கிண்ணம் முழுவதும் பிரான்சின் மத்திய திடலை ஓட்டியவர் அவர். கடையில் இருந்தவர்கள் "பைத்தியமா?" என்றார்கள். உள்ளே வந்த கோமான்தான் 81வது நிமிடத்தில் மெஸ்ஸியின் காலிலிருந்து பந்தைப் பறித்தார்; அது ரபியோ, துராம் வழியாக எம்பாப்பேயிடம் போய்ச் சமன் கோல் ஆனது. கடைசியில் பினால்டியைத் தவறவிட்டவரும் அதே கோமான். முடிவை வைத்துப் பார்த்தால் அந்த மாற்றம் நல்லதா, கெட்டதா? பதில் வராது. அந்த நேரத்தில் அணிக்கு வேண்டியது ஓட்டமும் வேகமும். கோமானிடம் இரண்டும் இருந்தன. அதை வைத்துத்தான் தீர்ப்பு.

ஸ்கலோனியின் 64வது நிமிட மாற்றத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். டி மரியா களைத்திருந்தார், எடுத்தது சரி. ஆனால் வந்தவர் அக்குன்யா, பின்வரிசை ஆட்டக்காரர். பந்தை முன்னால் சுமந்துபோய் அங்கேயே வைத்திருக்க அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் போனது. அணி மெல்ல மெல்லப் பின்வாங்கியது. 80, 81 என இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல். முதலாவது தற்காப்பு ஆட்டக்காரர் ஒட்டமெண்டியின் தனிப்பட்ட பிழை, அதைப் பயிற்றுநர் தலையில் கட்டக்கூடாது. ஆனால் அணி பின்னுக்கு இறங்கிய அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு அவர்தான் பொறுப்பு.

கீப்பர்களுக்குப் பயிற்சி தருபவர்

பினால்டி பற்றி மட்டும் சொல்கிறேன்.

யூரோ 2020 இறுதியாட்டம், 2021 ஜூலை 11, வெம்பிளி. இங்கிலாந்து, இத்தாலி 1-1. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் இங்கிலாந்துப் பயிற்றுநர் சவுத்கேட் ரேஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் இறக்கினார். ரேஷ்ஃபோர்ட் கம்பத்தில் அடித்தார். சாஞ்சோ, சாகா இருவர் அடித்ததையும் இத்தாலி கீப்பர் டொன்னரும்மா பிடித்தார். "கடைசி நிமிடத்தில் இறக்கியதுதான் குற்றம்" என்று இன்றும் பேசுகிறார்கள். அப்படியானால் 2022 இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் டிபாலா? அவரும் 120 நிமிடம் தாண்டித்தான் இறங்கினார், நேரே நடுவில் அடித்துக் கோலாக்கினார். ஆட்டம் முடியும்போது திடலில் இருப்பவர் மட்டுமே பினால்டி அடிக்கலாம் என்பது விதி. அதனால் அடிக்கத் தெரிந்தவரை இறக்குவது தப்பே இல்லை.

என் குறை வேறு இரண்டில். ஒன்று, 120-க்குப் பதில் 114, 115-ல் இறக்கியிருந்தால் நாலைந்து தடவை பந்து காலில் பட்டிருக்கும். உட்கார்ந்தே இருந்த கால் இறுகிப்போயிருக்கும்; கோட்டோரம் ஓடிச் சூடேற்றினாலும் பந்தைத் தொட்டதற்கு ஈடாகாது. இரண்டு, ஐந்தாவது உதையை 19 வயது சாகாவுக்குக் கொடுத்த வரிசை. பெரும்பாலும் ஐந்தாவதுதான் கழுத்தை நெரிக்கும். அனுபவம் உள்ளவருக்கு ஒதுக்க வேண்டிய இடம் அது.

பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது பினால்டியைக் கடைசியில் வையுங்கள், ஓடிக் களைத்த பிறகு. எல்லாரும் நடுவட்டத்தில் நிற்கட்டும். ஒருவர் மட்டும் தனியாக நடந்து வரவேண்டும், ஆளுக்கு ஒரே பந்து. வரிசையாகப் பத்துப் பந்து அடிப்பது உதைக்கும் பயிற்சிதான், பினால்டிப் பயிற்சி ஆகாது. கீப்பர் உதைப்பவரின் ஊன்றும் காலைப் பார்க்கட்டும். பெரும்பாலானோருக்கு அந்தப் பாதம் திரும்பும் பக்கம்தான் பந்து போகும். பந்து காலில் படும் நொடியில் கீப்பரின் ஒரு பாதத்தின் பகுதியாவது கோட்டின்மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். முன்னால் குதித்துப் பிடித்தால் மறுபடி அடிக்கச் சொல்வார்கள்.

மாவட்டப் போட்டிகளில் ஊதும் நடுவர்

ஒரு சிறு சேர்ப்பு. 2022-ல் அர்ஜென்டினா கீப்பர் மார்டினஸ் பந்தைத் தூக்கி எறிந்து பிரான்சின் சுவாமெனியைப் பினால்டிக்குக் காக்கவைத்தாரே, அதைப் பார்த்து நம் பையன்களும் செய்கிறார்கள். 2023-லிருந்து விதி தெளிவாக இருக்கிறது: உதைப்பவரின் கவனத்தைக் கலைப்பதோ, தாமதப்படுத்துவதோ, கம்பத்தையும் வலையையும் தொட்டு ஆட்டுவதோ கூடாது. கீப்பர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பள்ளி அணி ஆசிரியர்

நட்சத்திர ஆட்டக்காரரைப் பற்றி நான் எழுதுகிறேன். கேமரா பந்தைத்தான் காட்டும். அதனால்தான் "ஹேரி கேன் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லத் தோன்றுகிறது. யூரோ 2024 இறுதியாட்டத்தில் இங்கிலாந்து 61வது நிமிடத்தில் அவரை எடுத்தது. கேன் பின்னால் இறங்கி வந்து பந்து வாங்குபவர். அவர் விட்ட இடத்துக்குள் யாராவது ஓடிவந்தால்தான் அது பயன். ஓட ஆள் இல்லாவிட்டால் கோலுக்கு முன்னால் வெற்றிடம்தான். பருவ முடிவில் முதுகுக் காயத்தோடு வந்தவர் வேறு. அரையிறுதியில் கடைசி நேரத்தில் கோல் அடித்த வாட்கின்ஸ் பெஞ்சில் இருந்தபோது அந்த மாற்றம் முறையானது. 70-ல் வந்த பால்மர் 73-ல் சமன் செய்தார். ஆனாலும் ஸ்பெயின்தான் 2-1 வென்றது. அதே ஆட்டத்தில் ஸ்பெயினின் முதுகெலும்பான ரோட்ரி காயத்தால் இடைவேளையிலேயே வெளியேறினார். சுபிமெண்டி வந்தார், 47வது நிமிடத்தில் ஸ்பெயின் கோல் அடித்தது. இடத்தின் வேலை என்ன என்று எல்லாருக்கும் தெரிந்த அணி அது.

நட்சத்திரத்தைப் பார்க்க நான் சொல்லும் வழி: ரிப்லேயைச் சத்தமில்லாமல் போடுங்கள். வர்ணனையாளர் நம் கண்ணைக் கெடுத்துவிடுவார். பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பாருங்கள். பந்து வரும் முன் தலையைத் திருப்பிப் பார்த்தாரா? முதல் தொடுதல் முன்னோக்கியா, பின்னோக்கியா? எத்தனை எதிராளிகளைத் தன் பக்கம் இழுத்தார்? பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடியில் என்ன செய்தார்? மெஸ்ஸி நடக்கிறார் என்று குறை சொல்பவர்கள், நடக்கும்போது அவர் தலை எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணட்டும்.

தோட்ட அணிப் பயிற்றுநர்

சார் சொன்னது சரி. நம் நாட்டு உதாரணத்தையும் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 சுசுகி கிண்ணம் (தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி), மலேசிய அணிப் பயிற்றுநர் கே.ராஜகோபால். பிரிவு ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 5-1. அன்றே அணியைக் கலைத்துப்போட்டிருக்கலாம், பலர் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அதே மாதம் 26-ந் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0. சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. ஜகார்த்தாவில் 2-1 தோற்றும் மொத்தத்தில் 4-2 என்று கிண்ணம் வந்தது. ஜகார்த்தா ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஃபிர்மான் உதினாவின் பினால்டியை நம் கீப்பர் கைருல் ஃபாஹ்மி பிடித்தாரே, அது கோலாகியிருந்தால் அரங்கமே மேலே ஏறியிருக்கும். சாஃபியைக் கொண்டாடுங்கள், ஆனால் கைருலை மறந்தால் அந்த இறுதியாட்டத்தை நீங்கள் பார்க்கவே இல்லை.

எழுவர் அணி நிர்வாகி

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எழுவர் ஆட்டத்துக்கு எப்படிக் கொண்டுவருவது, அண்ணே? திடல் சின்னது, நேரம் குறைவு, மாற்றத்துக்கும் பெரும்பாலும் கணக்கில்லை.

தோட்ட அணிப் பயிற்றுநர்

தம்பி, பழைய பள்ளிக் கொப்பி ஒன்று போதும். பக்கத்தில் நான்கு கட்டம்: நிமிடம், பந்தை இழந்த இடம், இழந்தவர், ஓடிவந்து அந்த இடத்தை மூடியவர். எழுதுபவர் ஆட்டக்காரர்களின் அப்பா அண்ணன்களாக இருக்கக்கூடாது, தன் வீட்டுப் பையன் விட்ட பந்து கொப்பியில் ஏறாது. எழுவரில் பந்தைச் சொந்தப் பாதியில் இழந்தால் பெரும்பாலும் நேரே கோல்தான், அதனால் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். மாற்றம் செய்யும் முன், ஏன் செய்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு எழுதினால் காரணம் தானாக மாறிவிடும். கைப்பேசியில் படம் எடுப்பதானால் கோட்டோரம் நிற்கவேண்டாம், கோலுக்குப் பின்னால் மேடான இடத்திலிருந்து எடுங்கள். ஏழு பேரும் ஒரே படத்தில் தெரிவார்கள், யார் ஓடவில்லை என்பதும் தெரியும்.