ஓடையோட போன வேலி: மேட்டு நிலத்துல ஆட்டுக்கு வேலி போட்டவங்க அனுபவம்

மேட்டுக்காட்டான் (கேப்பர் மலை, கடலூர்):

கடலூர்ல ஏதுப்பா மலைன்னு வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. கேப்பர் மலையும் ஒரு செம்மண் மேடுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சரிவுல ஒரு தடவை வேலி போட்டுப் பாருங்க, அப்புறம் மேடா மலையான்னு பேசலாம்.

எங்களுது 2 ஏக்கர், பட்டையா நீளும். 660 அடி நீளம், 132 அடி அகலம். இதே 2 ஏக்கர் சதுரமா இருந்திருந்தா சுத்தி 1180 அடியோட போயிருக்கும். எனக்கு 1584 அடி. முந்திரிக்காடு, நடுவுல அஞ்சாறு பலா. நடுவயித்தைக் கிழிச்ச மாதிரி குறுக்கால ஒரு மண் ஓடை, 30 அடி அகலம், 12 அடி ஆழம். வருஷத்துல பத்து நாள் தண்ணி போனா அதிகம்.

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல்ல எங்க பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சது எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக் கொல்லைக்காரர் மறுபடியும் பலாக்கன்னு வெச்சு, குழந்தை மாதிரி வளர்த்தார். நான் ஆடு வளர்த்தேன். மிச்சத்தை நீங்களே ஊகிச்சிருப்பீங்க. முந்திரி இலையை ஆடு பெருசா சீண்டாது, பலாத் தழைன்னா உயிரை விடும். ஒரு நாள் என் ஆடு ஏழும் அவர் வீட்டுத் திண்ணைத் தூண்ல கட்டிக் கெடந்துது. கன்னுக்குக் காசு கொடுத்துத்தான் அவுத்துக்கிட்டு வந்தேன். அன்னிக்கு முடிவு பண்ணதுதான் வேலி.

மொதல் தப்பு அளவுல. புலப்படத்துல, அதாவது நிலத்தோட சர்வே வரைபடத்துல, போட்டிருக்கிற மீட்டரைக் கூட்டி, அதே கணக்குக்கு வலை வாங்கிட்டேன். புலப்படத்துல இருக்கிறது மட்டமா அளந்த நீளம், மேடு பள்ளம் அதுல வராது. 30 அடி ஓடைக்குள்ள இறங்கி ஏறினா 38 அடிக்கு மேல ஆவுது. ரெண்டு பக்கமும் ஓடை குறுக்க வருது, அதுலயே 16 அடி போச்சு. சரிவு இழுத்தது தனி. கடைசி மூலையில வாய் பொளந்து நின்னுது. ஒரே ஒரு ரோலுக்காக மறுபடியும் வண்டி வாடகை.

ரெண்டாவது, வேலை செஞ்சவர் சமவெளியில வேலி போட்டே பழகினவர். வலையைப் படிக்கட்டு மாதிரி இறக்கி இறக்கிக் கட்டினார். தூரத்துல நின்னு பார்த்தா அழகா இருந்துது. கிட்டப் போனா ஒவ்வொரு படிக்கும் கீழ முக்கோணமா ஒரு சந்து. ஆட்டுக்குட்டிக்கு அது போதாதா? பெரிய ஆடு மண்டி போட்டே போச்சு. நாய் உள்ள வந்ததும் அந்தச் சந்துலதான். ரெண்டு குட்டி போச்சு. அதைப் பத்தி மேல எழுத மனசு வரல.

மூணாவதுதான் பெரிசு. ஓடைக்குள்ளயும் அதே வலையை அடிவரைக்கும் இறக்கி, வேலிக்கால் நட்டு, இறுக்கிக் கட்டிட்டோம். கல்லு மாதிரி நின்னுது, நாலு மழைக்காலம் தாங்குச்சு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்துது. புதுச்சேரியில ஒரே நாள்ல சுமார் 48 செ.மீ. கொட்டின மழை, எங்க மேட்டுலயும் விட்டு வைக்கல. விடிஞ்சு போய்ப் பார்த்தா வேலியில தண்ணி நிக்குது! ஓடையில தண்ணி ஓடணும், நிக்கக்கூடாதில்லையா. முந்திரிச் சருகு. ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலம், தோல் மாதிரி தடிமன். தோப்பு முழுக்கக் கெடந்த சருகு மொத்தமும் வந்து வலைக்கண்ணை அடைச்சு அணை கட்டிடுச்சு. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு சத்தம். போனது ஓடையில இருந்த கால் மட்டுமில்ல. கம்பி ஒரே இழுப்பா இருந்ததால கரையில நின்ன கால் ஆறையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போச்சு.

அந்த இடத்துல இப்போ முள் வெட்டிப் போட்டு வெச்சிருக்கேன். வேற யாராவது இப்படி ஓடையைத் தாண்டி வேலி போட்டிருந்தா என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க.

வில்லியனூர் வேலி மேஸ்திரி:

அண்ணே, படிச்சிட்டு சிரிக்கிறதா வருத்தப்படறதான்னு தெரியல. சேதராப்பட்டு, வானூர்ப் பக்கம் செம்மண் ஓடையில நானும் இதே மாதிரி ரெண்டு வேலியைத் தண்ணிக்குக் கொடுத்தவன்தான். அப்புறம்தான் புத்தி வந்துது.

ஓடையில வேலி போடக் கூடாது, தொங்க வுடணும். ரெண்டு கரையிலயும், தண்ணி ஏறாத உசரத்துல, நல்ல கல்கால் கரைக்கொண்ணு நட்டு முட்டு குடுங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல தடிமனான கம்பியை முறுக்கி, இல்ல இரும்பு ரோப்பு, இழுத்துக் கட்டுங்க. அதுலேர்ந்து பனஞ்சட்டம் தனித்தனியா கொக்கி போட்டுத் தொங்கணும், சாண் இடைவெளிக்கு ஒண்ணு. அடி தரையை லேசா தொட்டும் தொடாமலும் இருக்கணும். காய்ஞ்ச நாள்ல ஆடு தாண்டாது. தண்ணி வந்தா சட்டம் ஒவ்வொண்ணும் தானா தூக்கி வுட்டுடும், சருகு அடியில பூடும். முக்கியமா, இந்தத் தொங்கலை உங்க வேலிக் கம்பியோட சேர்த்துக் கட்டவே கட்டாதீங்க. வேலி அந்தக் கரைக்காலோட முடியணும். வெள்ளம் எடுத்தாலும் பத்து சட்டத்தோட போவும், ஆறு கால் போவாது.

அப்புறம் படிக்கட்டு விஷயம். கட்டம் வலை, அதாவது கண்ணி முடிச்சு போட்ட வலை, சரிவுக்குச் சாஞ்சு கொடுக்கும். டைமண்ட் வலை அவ்வளவா கொடுக்காது. டைமண்ட்தான் வேணும்னா சரிவோட போக்குலயே இழுத்துக் கட்டி, மிச்சம் இருக்கிற சந்தைக் கல்லு அடுக்கி அடைக்கணும். ஆனா கட்டம் அரையடி அகலம் இருந்தா கொம்பு ஆடு தலையை வுட்டுட்டு எடுக்கத் தெரியாம நிக்கும், அதையும் பார்த்து வாங்குங்க. காலைச் சரிவுக்குச் சாய்ச்சு நடறாங்க சில பேரு. தூக்குக்குண்டு புடிச்சு நேரா நடணும், சரிவு எப்படி இருந்தாலும்.

இன்னொண்ணு. பள்ளத்துல நிக்கிற காலைக் கம்பி மேல தூக்கும், மேட்டு உச்சியில நிக்கிற காலை கீழ அமுக்கும். ஆழமா நடவேண்டியது பள்ளத்துக் காலைத்தான். நம்மாளுங்க உச்சியில கான்கிரீட்டைக் கொட்டிட்டு பள்ளத்துல ரெண்டு அடியில முடிச்சிடுவாங்க. பள்ளத்துல குழிக்கு அடியில ஒரு பெரிய கல்லைக் கம்பி சுத்திப் பொதைச்சு, அந்தக் கம்பியை வேலியோட கட்டிப் பாருங்க, அசையாது. சரிவு எங்க மாறுதோ அங்க எல்லாம் மூலைக்கால் மாதிரி முட்டு வேணும். கான்கிரீட் போட்டா ஒரு வாரம் பொறுத்துத்தான் கம்பி இழுக்கணும். மறுநாளே இழுக்கச் சொல்ற ஓனருங்க நிறைய பேர், அப்புறம் மேஸ்திரி சரியில்லம்பாங்க.

குழி எடுக்கிறது தை மாசத்துல வெச்சுக்கோங்க. சித்திரையில இந்த மண்ணுல கடப்பாரை துள்ளும், ஐப்பசியில குழி சரியும்.

காடாம்புலியூர் அக்கா:

தம்பி, ரெண்டு குட்டி போச்சுன்னு எழுதினதைப் படிச்சிட்டு என்னமோ போல ஆயிடுச்சு.

என் பொறந்த வீடு காங்கேயம் பக்கம். அங்க கொறங்காட்டைச் சுத்தி, அதாவது மேய்ச்சல் நிலத்தைச் சுத்தி, கிளுவைங்கற முள்மரத்து உயிர்வேலிதான், தலைமுறை தலைமுறையா. கட்டிக்கிட்டு இங்க வந்தப்போ, வேலிக்குக் கம்பி வாங்கறாங்களேன்னு எனக்கு ஆச்சரியம். முந்திரிக்காட்டுச் சரிவுல நான் கம்பியும் போட்டேன், உள்பக்கம் கிளுவைப் போத்தும் (வெட்டின கிளை) ஊணினேன். முழங்கை இடைவெளி, நாலடிக் குச்சி. மொத ரெண்டு வருஷம் ஆட்டுக்கிட்டேயிருந்து காப்பாத்தறதுதான் பெரும்பாடு, தழை அதுக்குப் பிடிக்கும். அதுக்கப்புறம் அதுவே தீவனம், அதுவே வேலி. சரிவுல கம்பிக்கு அடியில மண் அரிச்சு சந்து விழும் பாருங்க, கிளுவை வேர் பிடிச்ச இடத்துல அது விழறதில்லை.

ஓடைக்கரை விளிம்புல கத்தாழை வெச்சேன். ஆடும் அண்டாது, கரையும் இடியலை.

முள்கம்பியை மட்டும் கீழ வரிசையில போட்டுடாதீங்க. தாண்டப் பார்த்த வெள்ளாட்டுக்கு மடி கிழிஞ்சு நான் பட்டது போதும். மேல ஒரு வரிசை போதும், அது ஏறி வர்றவங்களுக்கு.

கோரிமேட்டுலேர்ந்து ஒருத்தன்:

ஒரு விஷயம் யாரும் கேட்கல. அந்த ஓடை உங்க பட்டாவுலயா, ஓடைப் புறம்போக்கா? எந்த சர்வே எண் யாரோட நிலம்னு சொல்ற கிராம அ-பதிவேட்டுல பாருங்க, புலப்படத்துலயும் தனி சர்வே எண் போட்டிருக்கும். புறம்போக்குன்னா குறுக்க எதையும் கட்ட முடியாது, தொங்கலும் சேர்த்துத்தான். ரெண்டு துண்டையும் தனித்தனியா வேலி போட வேண்டியதுதான். எங்க மாமா இது தெரியாம கட்டிட்டு, நோட்டீஸ் வந்து அவரே பிரிச்சார். பிரிக்கிற கூலி கட்டின கூலியைவிட ஜாஸ்தி.

சோலார் வேலி பத்தியும் யாராவது கேட்பாங்க. எனர்ஜைசர் வெச்சா மின்சாரம் விட்டு விட்டுத் துடிப்பாத்தான் போகும், அடிக்கும், சாதாரணமா ஆளைக் கொல்லாது. நேரடியா வீட்டு கரண்ட்டைக் கம்பியில கொடுக்கிறவன் கொலைகாரன், வேற வார்த்தை இல்ல. ஆனா சரிவுல புல் வளர்ந்து கம்பியைத் தொட்டா சோலாருக்கும் அடி குறைஞ்சிடும். வாரம் ஒரு தடவை புல் அறுக்க நேரம் இல்லாதவங்க அந்தப் பக்கம் போகாதீங்க. எனக்கு இல்ல, அதனால வித்துட்டேன்.

வில்லியனூர் வேலி மேஸ்திரி:

இவர் சொன்னதும் ஞாபகம் வருது. காலாப்பட்டு மாதிரி கடல் காத்து அடிக்கிற இடம்னா மலிவு முள்கம்பி மூணு நாலு வருஷத்துல துருவா உதிரும். ஜிஐ பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு, கனமா இருக்கான்னு பார்த்து வாங்குங்க. சிமெண்ட் கால்ல உள்ள கம்பி துருப்பிடிச்சா வீங்கும், கால் நீளவாக்குல வெடிக்கும். கல்காலுக்கு இந்தத் தொந்தரவே இல்ல. விலை கூடத்தான், சரிவுல நாலு பேர் தூக்கணும். இருந்தாலும் மூலைக்கும் ஓடைக்கரைக்குமாவது கல்கால் போட்டுடுங்கண்ணே.

மேட்டுக்காட்டான் (கேப்பர் மலை, கடலூர்):

எல்லாருக்கும் நன்றி. நேத்தே விஏஓ ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தேன். ஓடை என் பட்டாவுக்குள்ளதான், தனி எண் இல்ல. நல்ல வேளை. தொங்கல் சட்டத்துக்குப் பனை சொல்லி வெச்சாச்சு. புயல்ல விழுந்த மரம் ஒண்ணு பக்கத்துக் கொல்லைக்காரர்கிட்டயே கெடக்குது. பலாக்கன்னுக்காரர்தான். காசு வேணாம்னுட்டார். எந்த வேலி நின்னாலும் எனக்கு நல்லதுதானேன்னு சொன்னார்.

அக்கா, கிளுவைப் போத்து கடலூர்ப் பக்கம் எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, நேர்ல வந்து எடுத்துக்கறேன்.

மேஸ்திரி, தை மாசம் நீங்கதான் வரணும். ஒரே ஒரு நிபந்தனை. என்கிட்ட ஒரு கெழட்டு வெள்ளாடு இருக்கு, கருப்பி. எந்த வேலி போட்டாலும் ஒரு சுத்து மோந்துக்கிட்டே வருவா, எங்க ஓட்டையோ அங்க போய் நிப்பா. பழைய வேலியில முதல் சந்தைக் கண்டுபிடிச்சவளும் அவதான். வேலை முடிஞ்சதும் அவளை உள்ள விட்டு ஒரு நாள் பார்த்துட்டுத்தான் பாக்கிப் பணம்.

வில்லியனூர் வேலி மேஸ்திரி:

ஆடு கையெழுத்துப் போட்டாத்தான் காசுன்னா, அட்வான்ஸை இப்பவே முழுசா அனுப்புங்கண்ணே.