சர்வர் லாகின் திரையில் அட்மின் பெயர் மறைய மாட்டேன் என்கிறது

தனியாள்
விண்டோஸ் சர்வர் 2019, டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இருக்கிறது. போன வாரம் தணிக்கைக்கு வந்தவர் சர்வர் அறையில் கீபோர்டை ஒரு தட்டு தட்டினார். திரை விழித்தது, என் அட்மின் கணக்கின் பெயர் பளிச்சென்று நின்றது. "பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே ஒட்டிவிடலாமே" என்றபடி குறிப்பில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில், செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் பகுதியில், 'டோன்ட் டிஸ்ப்ளே லாஸ்ட் சைன்ட்-இன்' என்பதை எனேபிள் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். பெயர்க் கட்டம் காலியாக வந்தது. சந்தோஷப்பட்டு உள்ளே போய் வேலை பார்த்து, லாக் செய்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் அதே பெயர், அதே இடம்! என் லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் போனாலும் பெயர் தானாகவே நிரம்பி வருகிறது.

யாரும் தொடாவிட்டால் தானாகப் பூட்டட்டும் என்று நேற்று 'மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட்' 900 நொடி என்று போட்டேன். அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பூட்டவே இல்லை. லாகினுக்கு முன் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தச் சொல்லும் விஷயத்தில் 'டு நாட் ரிக்வயர்' என்று இருப்பதை எனேபிள் செய்வதா டிஸேபிள் செய்வதா என்றும் சொல்லிவிடுங்கள். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது.

பழைய_சாவி
நீங்கள் ஒரே திரை என்று நினைப்பது மூன்று திரை. யாரும் உள்ளே இல்லாதபோது வருவது ஒன்று, அதை மறைத்துவிட்டீர்கள். உள்ளே ஆள் இருந்து லாக் ஆனால் வருவது வேறு. அதற்கு அதே பட்டியலில் 'டிஸ்ப்ளே யூசர் இன்ஃபர்மேஷன் வென் தி செஷன் இஸ் லாக்டு' என்று தனி வரி உண்டு. அதில் 'டு நாட் டிஸ்ப்ளே யூசர் இன்ஃபர்மேஷன்' தேர்ந்தெடுங்கள். தணிக்கையாளர் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான்.

மூன்றாவது சர்வரின் திரையே இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் கேட்கும் அந்தப் பெட்டி உங்கள் லேப்டாப்பில் தோன்றுவது. பெயரை நினைவில் வைத்திருப்பதும் லேப்டாப்தான். சர்வரில் எதை மாற்றினாலும் அது போகாது. அங்கே கவனிக்க வேண்டியது நெட்வொர்க் லெவல் அத்தன்டிகேஷன். அது ஆனில் இருந்தால், பெயரும் பாஸ்வேர்டும் சரிபார்த்த பிறகுதான் சர்வர் செஷனையே திறக்கும். ஏதோ பழைய மென்பொருளுக்காக அதை ஆஃப் செய்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள், பெயரை மறைப்பதெல்லாம் அப்புறம்.

900 நொடி சரிதான், ஆனால் அந்த செட்டிங்குக்கு ரீஸ்டார்ட் வேண்டும். நீங்கள் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் கேள்விக்கு: டிஸேபிள். 'தேவையில்லை' என்பதை வேண்டாம் என்றால் 'தேவை'. அந்த வரியை எழுதிய புண்ணியவான் யாரோ! அந்த மூன்று விசையை விண்டோஸ் மட்டுமே பிடிக்கும், சாதாரண மென்பொருள் எதுவும் குறுக்கே வர முடியாது. அதனால் லாகின் திரை மாதிரி வேஷம் போட்டு பாஸ்வேர்டை வாங்கும் வேலை அங்கே நடக்காது.

இரவு_ஷிஃப்ட்
அடுத்து, பாஸ்வேர்டைத் தவறாகப் போட்டால் கணக்கைப் பூட்டும் அக்கவுண்ட் லாக்அவுட் பக்கம் போவீர்கள், அதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். மூன்று தவறுக்குப் பூட்டு என்று சர்வர்கள் இருக்கும் ஓயூவில் (டொமைனுக்குள் கணினிகளைப் பிரித்து வைக்கும் தொகுப்பு) பாலிசி போட்டேன். டொமைன் கணக்கு எதுவும் பூட்டவில்லை. டொமைன் கணக்குகளுக்கு லாக்அவுட் விதி டொமைன் மட்டத்துப் பாலிசியிலிருந்துதான் வரும், ஓயூவில் போட்டது அந்த சர்வரின் லோக்கல் கணக்குகளுக்கு மட்டும். சரி என்று அதை டொமைன் மட்டத்துக்கு ஏற்றினேன். அன்று இரவே பேக்அப் கணக்கு பூட்டிக்கொண்டது. திறந்துவிட்டால் மறுபடி பூட்டும். விடியும்வரை இதே கூத்து. மறந்துபோன ஒரு பழைய மெஷினில், பழைய பாஸ்வேர்டோடு ஒரு சர்வீஸ் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

டொமைன் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் ஈவன்ட் 4740 பாருங்கள், எந்தக் கணினியிலிருந்து பூட்டியது என்று பெயரோடு இருக்கும். எனக்கு அது விடிந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது 10 வைத்திருக்கிறேன். 3 என்பது மனிதர்களுக்கே போதாது.

தனியாள்
லாக் திரையில் பெயர் போய்விட்டது, நன்றி. ரீஸ்டார்ட் கொடுத்ததும் 15 நிமிடத்தில் பூட்டியது, நின்று பார்த்தேன்.

கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் மட்டும் மல்லுக்கு நின்றது. லோக்கல் பாலிசியில் அந்த வரி சாம்பல் நிறத்தில் இருந்தது, தொடவே விடவில்லை. எந்த செட்டிங் எந்தப் பாலிசியிலிருந்து வருகிறது என்று காட்டும் ஜிபிரிசல்ட் அறிக்கை எடுத்துப் பார்த்தால், எனக்கு முன்னால் இருந்தவர் டொமைன் பாலிசியிலேயே அதை எனேபிள் செய்துவைத்திருக்கிறார். அவருக்கும் தலை சுற்றியிருக்க வேண்டும்.

பழைய_சாவி
டொமைன் பாலிசிக்கு முன் லோக்கல் பாலிசி செல்லாது. மற்ற செட்டிங்குகளையும் சர்வர் ஓயூவுக்கென்று ஒரு தனிப் பாலிசியில் எழுதிவிடுங்கள், நாளை இன்னொரு சர்வர் வந்தால் மறுபடி இதே பாட்டு பாட வேண்டாம். லாகின் செய்யாமலே ஷட்டவுன் செய்ய விடும் வரியையும் அந்த அறிக்கையில் ஒரு பார்வை பாருங்கள். சர்வரில் அது இயல்பாகவே டிஸேபிள்தான், ஆனால் உங்களுக்கு முன்னால் இருந்தவரை இப்போது நம்ப முடியவில்லை.

தனியாள்
பார்த்தேன். எனேபிள்.