பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்திலேயே படிப்பில் மனம் விட்டுப்போகும் பிள்ளைகள்: பார்த்தவர்கள் பகிருங்கள்

கோலாலம்பூர் விரிவுரையாளர்:
ஆறாம் ஏழாம் வாரத்தில் வகுப்புக்கு வராமல் போகும் பிள்ளையை வீட்டில் சோம்பேறி என்பார்கள். பெரும்பாலும் சோம்பல் இல்லை. மலேசியாவின் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் ஏ-க்களை அள்ளிய பிள்ளை முதல் குவிஸில் பத்துக்கு மூன்று வாங்கியதும், 'இது நமக்கு வராது' என்று முடிவுகட்டிவிடுகிறது. உளவியலாளர் பண்டுரா 1977-இல் எழுதிய சுயதிறன் நம்பிக்கை, அதாவது 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை, இங்கேதான் உடைகிறது. அதை வளர்ப்பதில் வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். 'உன்னால் முடியும்' என்ற வாய்ச்சொல்லுக்கு அந்த வலு இல்லை.

அதனால் பழைய வினாத்தாளை முழுதாகக் கையில் திணிக்காதீர்கள். ஒரே கேள்வி, அதிலும் இரண்டு மதிப்பெண் பகுதி மட்டும். முதல் நாள் குறிப்பைப் பார்த்து விடை எழுதட்டும். மறுநாள் மூடிவைத்து எழுதி, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் நிரப்பட்டும். மூன்றாம் நாள் அடுத்த பகுதி. பலர் சறுக்குவது ஹைலைட்டரில்தான்: பக்கம் முழுக்க மஞ்சள் பூசி, கண்ணுக்குப் பழகியதைத் தெரிந்ததாக நம்பிவிடுவார்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், 5 நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வு அந்த ஒரு வாரத்துக்குப் பிறகுதானே வருகிறது!

பினாங்கு ஆலோசகர்:
ஐயா சொன்னது சரி. ஆனால், துறையை யார் தேர்ந்தெடுத்தது என்றும் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழக இடத்துக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் அப்பா சொன்ன வரிசையை நிரப்பிய பிள்ளைக்கு அந்தப் படிப்பு அப்பாவுடையதாகவே இருக்கும். மனம் ஒன்றிச் செயல்பட உளவியலாளர்கள் டெசியும் ரயனும் சொல்லும் மூன்று தேவைகளில் தன்விருப்பம் ஒன்று. மற்றவை திறமை உணர்வும் உறவும். துறையை மாற்ற முடியாவிட்டாலும் அசைன்மென்ட் தலைப்பையாவது பிள்ளையே எடுக்கட்டும். உறவுக்கு, மூன்று நான்கு பேர் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். கூட்டம் பெருத்தால் மாமாக் உணவுக்கடை அரட்டையாகிவிடும்.

செந்தூல் டியூட்டர்:
'பட்டத்தில் முதல் வகுப்பு வாங்கினால் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனைக் கட்ட வேண்டாம்' என்பதை மட்டும் தூண்டுகோலாக வைக்காதீர்கள். முதல் பருவத்தில் நான்குக்கு 2.8 புள்ளி வந்தாலே அந்த இலக்கு கைக்கெட்டாமல் தெரியும். அத்தோடு படிக்கக் காரணமும் போய்விடும். 'நாளைக்குப் படிக்கிறேன்' என்பதும் நிற்காது. இடமும் நேரமும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: 'செவ்வாய் மாலை யுனிவர்சிட்டி எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கியதும் நேராக நூலகம், 20 நிமிடம், ஒரு கேள்வி.' அந்தச் சீட்டு போன் உறையின் பின்னால் இருக்கட்டும்.