பாக்கெட் கீரை எந்த வயலிலிருந்து வந்தது என்று ஏன் யாராலும் சொல்ல முடியவில்லை?

ஓஹாயோ அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் என் எட்டு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு. முதல் நாள் ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், மறுநாள் மலத்தில் ரத்தம். அலறியடித்து ஓடினோம். ஈ.கோலி ஓ157 என்ற குடல் கிருமி என்று பரிசோதனையில் வந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடலாம் என்று சொல்லி, வெறும் குளுக்கோஸ் ஏற்றி, ஆறு நாளும் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கையிலும் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. பிழைத்து வந்தாள்.

அப்புறம் கவுண்டி சுகாதாரத் துறை நர்ஸ் ஒருவர் போன் செய்தார். நோய் வருவதற்கு முந்தைய ஏழு நாளில் என்னென்ன சாப்பிட்டாள், எந்தக் கடை, எந்த பிராண்ட், என்றைக்கு வாங்கியது என்று முக்கால் மணி நேரம் கேட்டார். எங்கள் வீட்டில் காய்கறி எல்லாமே வெந்துதான் தட்டுக்கு வரும். அவள் பச்சையாகச் சாப்பிட்டது பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த ரோமெய்ன் கீரை (சாலட்டுக்குப் போடும் லெட்யூஸ் வகை) மட்டும்தான். அந்தப் பாக்கெட் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. வேறு மாநிலங்களிலும் இதே கிருமி வந்திருக்கிறது, விசாரிக்கிறோம் என்றார். அதற்குப் பிறகு நான்தான் நாலு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் "மூலம் இன்னும் தெரியவில்லை" என்ற ஒரே பதில்.

பாக்கெட்டின் மேல் பார்கோடு இருக்கிறது, தேதி இருக்கிறது, மூன்று முறை கழுவியது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எந்த வயல் என்பது மட்டும் யாருக்குமே தெரியாதா, இல்லை தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறார்களா?

சாலினாஸ் மணி:

தங்கச்சி, குழந்தை தேறியதே பெரிய விஷயம். நான் கலிபோர்னியாவில் கீரை மொத்தக் கிடங்கில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்ட இரண்டுமே நடக்கிறது.

முதலில் தெரியாத கதை. வயலில் பெட்டி கட்டும்போது லாட் நம்பர் (எந்தச் சரக்கு என்று காட்டும் தொகுதி எண்) ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நறுக்கும் ஆலைக்குப் போனதும் நாலைந்து வயல் கீரை ஒரே தொட்டியில் கழுவப்பட்டு ஒரே பாக்கெட்டில் விழுகிறது. முழுக் கீரையாகக் கடைக்குப் போனாலும், அலமாரியில் அடுக்கிய கையோடு நம்பர் ஒட்டிய அட்டைப்பெட்டியை நசுக்கி வெளியே தள்ளிவிடுவார்கள். உணவகங்களில் சொல்லவே வேண்டாம், எந்தப் பெட்டி என்றைக்குத் தீர்ந்தது என்று யார் எழுதி வைக்கிறார்கள்?

2018 வசந்த காலத்தில் அரிசோனா யூமா பக்கத்து ரோமெய்ன் கீரையால் 36 மாநிலங்களில் 210 பேர் படுத்தார்கள், 5 பேர் இறந்தார்கள். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. பின்னோக்கித் தேடிக்கொண்டு போனபோது ஒரு பண்ணையில் போய் நிற்கவில்லை, 23 பண்ணைகள், 36 வயல்கள் என்று விரிந்துகொண்டே போனது. ஒரே ஒரு இடத்தில்தான் நூல் அறுபடாமல் இருந்தது. அலாஸ்காவில் ஒரு சிறையில் எட்டுப் பேருக்கு நோய் வந்தது, அவர்கள் வாங்கியது நறுக்காத முழுக் கீரை, அதனால் நேரே ஒரு பண்ணையைக் காட்ட முடிந்தது. மற்றவர்கள் சாப்பிட்டதோ நறுக்கிப் பாக்கெட்டில் போட்டது. பிறகு யூமா பக்கத்துப் பாசனக் கால்வாய்த் தண்ணீரில் அதே கிருமி கிடைத்தது. கால்வாய் ஓரத்தில் லட்சத்துக்கும் மேல் மாடுகள் அடைக்கக்கூடிய பெரிய பட்டி ஒன்று. மாட்டிலிருந்து தண்ணீருக்கு வந்ததா, எப்படி வந்தது என்று கடைசி வரை உறுதி செய்ய முடியவில்லை.

இப்போது தெரிந்தும் சொல்லாத கதை. 2024 நவம்பரில் மறுபடி ரோமெய்ன். 15 மாநிலங்களில் 89 பேர், ஒருவர் மரணம். எந்த நிறுவனம் என்பதை எஃப்.டி.ஏ. கண்டுபிடித்துவிட்டது. ஆனால் பெயரை வெளியிடாமலே கோப்பை மூடிவிட்டார்கள், அந்தக் கீரை சந்தையில் இல்லாமல் போய்விட்டதாம். எஃப்.டி.ஏ.வின் உள் அறிக்கை அடுத்த வருடம் செய்தியில் வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. சிறுநீரகம் பழுதான குழந்தையின் பெற்றோருக்கு "சந்தையில் இல்லை" என்பது ஒரு பதிலா? இந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவன்தான் நான், எனக்கே வயிறு எரிகிறது.

ஹம்பர்க் வாசன்:

அக்கா, பிள்ளை சுகமாகியது பெரிய ஆறுதல். பெயர் சொல்லத்தான் வேணும், ஆனால் அவசரப்பட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நாங்கள் இங்கே கண்ணால் பார்த்தோம். 2011 மே மாதம் ஹம்பர்க்கில் ஈ.கோலி நோயாளிகளால் வைத்தியசாலை எல்லாம் நிரம்பி வழிந்தது. ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். மரக்கறிக் கடையில் வெள்ளரிக்காயை ஒருவரும் தொடவில்லை, ஸ்பெயினில் விவசாயிகள் தோட்டத்தோடு அழித்தார்கள். கடைசியில் பார்த்தால் அந்தக் காயில் இருந்தது வேற வகைக் கிருமி.

உண்மையான காரணம் முளைகட்டிய வெந்தயம்! சாலட்டின் மேல் தூவி இருக்கும் நாலு முளையை ஆர் ஞாபகம் வைத்திருப்பார்கள்? நோயாளிகளைக் கேட்டதில் பிடிபடவில்லை. அதனால் ஒரே உணவகத்தில் சாப்பிட்ட கூட்டங்களை எடுத்து, அவர்கள் கேட்ட சாப்பாட்டுக்குள் என்னென்ன போட்டது என்று சமையல்காரரிடம் கேட்டார்கள். முளை சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்த வாய்ப்பு பதினாலு மடங்கு. அங்கிருந்து விநியோகக் கணக்குகளைப் பின்தொடர, 41 இடத்து நோயும் பக்கத்து மாநிலமான லோயர் சாக்சனியில் இருந்த ஒரே முளைப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. விதை 2009இல் எகிப்திலிருந்து கப்பலில் வந்தது. அதற்குள் ஜெர்மனியில் மட்டும் 53 உயிர் போய்விட்டது. விநியோகக் கணக்கு எழுதி வைத்திருந்தபடியால்தான் அதுவாவது பிடிபட்டது.

நெவார்க் சுதா:

வாசன் அண்ணா சொல்வது சரி, ஆனால் அது சந்தேக நிலையில் பெயர் சொன்ன தப்பு. மணி அண்ணா சொன்னது முடிவு தெரிந்த பிறகும் மூடி மறைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இலைக்கீரை, வெள்ளரி, தக்காளி, முளை மாதிரிப் பொருட்களுக்குக் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் லாட் நம்பர் பதிவு வைக்க வேண்டும், கேட்டால் 24 மணி நேரத்தில் தர வேண்டும் என்று விதி போட்டாயிற்று. இதற்கான சட்டம் 2011இல் வந்தது, விதி 2022இல் வந்தது, 2026 ஜனவரிக்குள் எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்றார்கள், இப்போது அதையும் 2028 ஜூலைக்குத் தள்ளிவிட்டார்கள். சட்டம் வந்த வருடம் பிறந்த குழந்தை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடிக்கப்போகிறது.

ஓஹாயோ அக்கா, கடையில் போன் நம்பர் சொல்லி அல்லது கார்டு காட்டி வாங்குவீர்களா? அப்படியென்றால் வாங்கிய பொருள், தேதி எல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கும். நீங்கள் சம்மதம் கொடுத்தால் சுகாதாரத் துறை அதைக் கேட்டு வாங்கலாம். விசாரணைகளில் இப்படிச் செய்வது உண்டு. நர்ஸ் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஓஹாயோ அம்மா:

சுதா, இப்போதுதான் கடை ஆப்பைத் திறந்து பார்த்தேன். அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போவதற்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மாலை 6:12க்கு, ரோமெய்ன் கீரை இரண்டு பாக்கெட். இவ்வளவு நாளாக இது என் போனிலேயே இருந்திருக்கிறது. ஒரு பாக்கெட்டுதான் வாங்கினேன் என்று நர்ஸிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். படம் எடுத்து வைத்துவிட்டேன், திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் கூப்பிடுகிறேன். இந்தத் தடவை பேசுகிறவர் பெயரையும் கோப்பு எண்ணையும் எழுதி வாங்காமல் போனை வைக்கப்போவதில்லை.