இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படி வந்தது? – அனுபவப் பகிர்வு

மானிப்பாயிலிருந்து:

ஆராதனைப் பாட்டு எழுதுகிறவர்கள் நம்மில் கனபேர் இருக்கிறீர்கள். பாட்டு வந்த விதத்தைப் பகிருங்கள் என்று கேட்டவன் நான், ஆகவே நானே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், பஞ்சு, ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் பாடகர் குழுப் பயிற்சி. புதுப் பாட்டு ஒன்றைக் கசற்றில் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ ஓட ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை சளைத்தால் பாடுகிறவரின் குரலும் இழுபடும். எங்களைப் பழக்கிய மாஸ்ரர் சொந்தமாகவும் எழுதுவார். எழுத முன் ஒரே சங்கீதத்தைச் சத்தமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பார். "வசனம் தானாப் பாடத் தொடங்குமட்டும் பேனையைத் தொடாதை தம்பி" என்பார். எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான். இன்றுவரை அதை விடவில்லை.

போர் நெருங்கி வர, 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தையும் அந்த மழையையும் உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தோம். ஞாயிறு காலை போதகர் ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம் வரைக்கும் சனம் பேசாமல்தான் இருந்தது. "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்" என்ற இடம் வந்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி விம்மிவிட்டார். வெளிக்கிடும்போது பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தவர். கன்று போடுகிற நாள் கிட்டியிருந்ததாம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே இரண்டு வரி வந்தது:

படலை சாத்தி வந்தோம் – எங்கள்
பாதை நீரே அறிவீர்.

சரணத்துக்கு ஆபகூக்கின் பட்டியலையே எடுத்தேன். அத்திக்கும் ஒலிவத்துக்கும் பதிலாக எங்கள் பனை, கிணறு, முற்றத்து முருங்கை. தொழுவத்தை மட்டும் மாற்றவில்லை. கடைசி வரியை "உம்மைப் பாடுவேன்" என்று முடித்து, முதலில் அந்த ஆச்சிக்குத்தான் பாடிக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாடுவன் எண்டு எழுதாதை அப்பன். எனக்கு இப்ப பாட ஏலாது. பாட மனம் தாரும் எண்டு எழுது."

அப்படியே எழுதினேன். இன்றைக்கும் அப்படித்தான் பாடுகிறோம். எனக்கு வந்த ஏவுதல் எது என்று யாராவது கேட்டால் அந்த ஆச்சியைத்தான் சொல்வேன். கர்த்தர் அவர் வாயால் அந்த வரியைத் தந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாட மனம் இல்லாத நேரத்திலும் அந்த மனத்தை அவரிடமே கேட்கத் தெரிந்திருந்தது ஆச்சிக்கு. விசுவாசம் என்று நான் அறிந்தது அதைத்தான். இப்போது வரும் பாட்டுகள் பல முதல் வரியிலேயே வெற்றிக்குப் போய்விடுகின்றன. சங்கீதப் புத்தகம் அப்படி அவசரப்படவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் ஆலயத்தில் பாடத்தான் வைத்திருந்தார்கள்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரையும் (1774–1864) இங்கே நினைக்க வேண்டும். சரபோஜி மன்னர் அவரோடு ஒரே ஆசிரியரிடம், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம், படித்தவர். அந்த அரசர் கேட்டும், நூலின் தொடக்கத்தில் பிள்ளையாருக்குக் காப்புச் செய்யுள் பாடச் சாஸ்திரியார் மறுத்தார் என்று சொல்வார்கள். மறுக்கிற துணிவும் பாட்டு எழுதுகிறவனுக்குத் தேவை. ராகமும் தாளமும் பல்லவியும் சரணமுமாக நம்முடைய சபைகள் கர்த்தரைப் பாடுகிறதென்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன் வழிவந்த எங்கள் கோயில்களிலும் அவருடைய கீர்த்தனை இல்லாத ஞாயிறு அருமை.

பாஷையூரிலிருந்து:

அண்ணை, உங்கள் ஆச்சியின் கதையை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர். எனக்குப் பாட்டுப் பழக்கியது தவக்காலம். அம்மம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பா, ஆனால் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தில் பல பக்கம் அவவுக்கு மனப்பாடம். அதை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி (1676–1742) கோவாவில் பிறந்தவர். இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் படித்து, இரண்டிலும் எழுதினார். பிறமொழிக்காரர் ஒருவர் எழுதியதை எங்கள் கடற்கரைப் பெண்கள் சொந்தத் துக்கம் போலச் சொல்லி அழுவதைப் பார்த்துத்தான், பக்தி இருந்தால் தமிழும் வசப்படும் என்று நம்பினேன்.

மெட்டு எனக்கு வந்தது வேறு வழியில். அப்பாவின் ஊர் வடமராட்சி கிழக்கு. அங்கே கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கிற மற்றவர்கள் ஒரே மூச்சில் திருப்பிச் சொல்லி இழுப்பார்கள். திருப்பிச் சொல்கிற வரி எப்போதும் சின்னது. வலை பாரம், மூச்சு போதாது. அந்தோனியார் கோயிலில் ஒன்பது நாள் மன்றாடும் நவநாளுக்கு ஒரு பாட்டுக் கேட்டார்கள். இவர், என் வீட்டுக்காரர், அப்போது கடலுக்குத் தொழிலுக்குப் போயிருந்தார், காற்றும் கொஞ்சம் மாறியிருந்தது. அடுப்படியில் நின்றபடி "கரை சேர்க்க வாரும் சுவாமி" என்று அந்த அம்பா மெட்டிலேயே வாய் முணுமுணுத்தது. நான் அதைப் பாட்டு என்று நினைக்கவில்லை, மன்றாடிக்கொண்டுதான் இருந்தேன். விடிய இவர் வந்து சேர்ந்த பிறகுதான் கொப்பியில் எழுதினேன்.

நவநாளின் முதல் நாளே சனம் தாள் பார்க்காமல் பதில் வரியைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் சொந்த மொழிக்கு இடம் கொடுத்தது. அதற்கு முதல் பூசை இலத்தீனில்தான் நடந்தது. அம்பா மெட்டு பீடத்துக்கு முன்னால் கேட்பதை அம்மம்மாவின் அம்மா நினைத்தும் பார்த்திருக்க மாட்டா.

சுண்டுக்குளியிலிருந்து:

எனக்கு 19 வயது. கீபோர்ட் வாசிப்பேன். உங்களைப்போல இடம்பெயர்வோ கடலோ என்னிடம் இல்லை. ராகமும் படிக்கவில்லை. ஆங்கிலப் பாட்டு மெட்டுகளுக்குத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். பாடும்போது ஏதோ ஒட்டவில்லை. நான் எழுதலாமா?

மானிப்பாயிலிருந்து:

எழுது தம்பி. துன்பத்தைத் தேடிப் போகத் தேவையில்லை. உன் வயதுப் பிள்ளைகள் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறார்கள், சோதனை முடிவுக்குப் பயந்து நித்திரை இல்லாமல் கிடக்கிறார்கள். அவர்களுக்காக ஜெபித்துப் பார், பொருள் தானாக வரும்.

ஒட்டாததற்குக் காரணம் அநேகமாகக் குறில் நெடில். அந்த மெட்டில் நீண்ட சுரம் விழுகிற இடத்தில் உன் குறில் எழுத்து நிற்கும். "உம் பலன்" என்று நீ எழுதி, அதை இழுத்துப் பாடினால் சபைக்கு "உம் பாலன்" என்று கேட்கும். நீளும் சுரத்துக்கு நெடிலை வை, குறுகும் சுரத்துக்குக் குறிலை வை. முடியாவிட்டால் மெட்டை விட்டுவிட்டு வரியை முதலில் பேசிப் பார். பேசும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று கவனி. மெட்டு அதற்குள்ளேயே இருக்கும். ராகத்தின் பெயரை அப்புறம் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று: ஒலிபெருக்கி இல்லாமல், கீபோர்ட்டும் இல்லாமல், வயதான ஒருவருக்கு முதலில் பாடிக் காட்டு. அவர் எந்த வரியில் உன்னோடு சேர்ந்து வாயசைக்கிறார் என்று பார். அதுதான் உன் பல்லவி. சனிக்கிழமை பின்னேரம் எங்கள் பயிற்சி இருக்கிறது, கொப்பியைக் கொண்டு வா. பாஷையூர்த் தங்கச்சி, நீங்களும் அந்த நவநாள் பாட்டோடு வந்தால் நல்லது. எங்கள் பிள்ளைகளுக்கும் அம்பா மெட்டைப் பழக்க வேண்டும்.