டிராக்டர் சாகசத்துக்குத் தடை: தேவையா?

வரப்போரம்: பஞ்சாபில் குர்தாஸ்பூர் மாவட்டத்துக் கிராம விளையாட்டு விழாவில், 2023 அக்டோபரில் சாகசம் காட்டிய இளைஞர் தன் டிராக்டரிலேயே சிக்கி இறந்தார். உடனே முதல்வர் பகவந்த் மான் மாநிலம் முழுக்கத் தடை போட்டார். எனக்கு இதில் உடன்பாடில்லை. களத்துக்கு வேலி, வண்டிக்கு, கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் (பிரேம்) என்று விதி வைத்திருக்கலாம்.

பட்டறைக்காரன்: வேலி பார்க்க வந்தவரைக் காக்கும். ஓட்டுகிறவரை? முன் வெயிட்டுகளைக் கழற்றி, பின்னால் எடை ஏற்றுகிறார்கள். இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்க்கும் கொண்டியை எடுத்துவிட்டு, சின்ன கியரில் ரேஸ் கொடுத்து கிளட்சைப் படக்கென்று விட்டால் மூக்கு தூக்கும். ஒரு பக்க பிரேக்கை மிதித்தால் அந்தச் சக்கரத்தையே அச்சாக வைத்து வண்டி சுற்றும். சுற்றும்போதே ஆள் இறங்கி மறுபடி ஏறுவதும் உண்டு. அந்த நேரம் கிளட்சில் யார் கால் இருக்கிறது?

வரப்போரம்: அண்ணே, இறங்குவதை மட்டும் தடுக்கலாமே. இடுப்பில் கயிறு கட்டி, ஆள் விழுந்தால் எஞ்சின் நிற்கும்படி செய்யலாம்.

பட்டறைக்காரன்: பழைய டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்காது தம்பி. ஸ்டாப் கம்பியை இழுத்து டீசலை அடைக்க வேண்டும். கயிறு அந்த லீவரைத்தான் இழுக்கணும். அப்படியே செய்தாலும், மூக்கு தூக்கின முக்கால் நொடியில் திரும்ப முடியாத நிலை வந்துவிடலாம். வண்டியின் எடை மையம் பின் அச்சைத் தாண்டிவிட்டால், கிளட்சை மிதித்தாலும் எஞ்சினை நிறுத்தினாலும் மல்லாந்துதான் விழும்.

கழனி: இதே ஆபத்து நம்ம சேற்றிலும் இருக்கிறது. சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் புதைந்ததும் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கிறார்கள். கட்டை தடுத்துச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், எஞ்சின் விசை வண்டியையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு வண்டியை விட்டு இழுக்கச் சொல்லுங்கள். சங்கிலியை, வண்டியின் பின்னால் மேலே உள்ள டாப் லிங்க் கொக்கியில் மாட்டவே கூடாது. இழுவை அச்சுக்கு மேலே போனால் மூக்கு தூக்கும், அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில்தான் மாட்டணும். வாய்க்கால் 4 அடி ஆழம் என்றால் கரையிலிருந்து குறைந்தது 4 அடி தள்ளி ஓட்டுங்கள். ரோட்டுக்கு ஏறுமுன் பிரேக் கொண்டியைப் போட மறக்காதீர்கள்.

வரப்போரம்: இதைத்தான் நானும் சொல்கிறேன். சாகசத்தை நிறுத்திவிட்டு வயலை விட்டுவிட்டால் என்ன பயன்? ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டருக்கு இந்த இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது.

பட்டறைக்காரன்: இரும்புச் சட்டம் வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பக்கத்து வெல்டிங் கடையில் பைப்பை வளைத்துப் போடாதீர்கள், கவிழும்போது ஒட்டின இடமே முதலில் விடும். அந்த மாடலுக்கென்று சோதித்த சட்டத்தை, அதற்குரிய போல்ட்டோடு மாட்டுங்கள். சட்டம் நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம், இல்லையென்றால் கவிழும்போது தூக்கி எறியப்பட்டு அதே சட்டத்தின் அடியில் நசுங்குவீர்கள். தென்னந்தோப்பில் மட்டை தட்டுகிறது என்று சட்டத்தை மடக்கினால் பெல்ட்டையும் கழற்றுங்கள். தோப்பை விட்டு வெளியே வந்ததும் நிமிர்த்திப் பின்னைப் போட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.