பழைய வண்டி நான்காவது கியரில் ஏறும் மேட்டில் புது வண்டி உதறுகிறது. கோளாறா, இயல்பா?

கேள்வி:
17 வருடமாக 150 சிசி கார்புரேட்டர் பைக் ஓட்டினேன். இரண்டு மாதம் முன்பு 160 சிசி எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும்) வண்டி எடுத்தேன். 1,400 கி.மீ. ஓடிவிட்டது, முதல் சர்வீஸும் முடிந்தது. தனியாகப் போனால் ஒரு குறையும் இல்லை. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து மேம்பாலம் ஏறும்போதுதான் பிரச்சினை. பழைய வண்டி 40 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரிலேயே முனகாமல் ஏறும். இது அதே இடத்தில் செயின் தட்தட்டென்று அடித்து உதறுகிறது. பவர் இதில்தானே கூடுதல்? பழையதை விற்கப் பேச்சு நடக்கிறது, அதற்குள் தெரிந்தால் நல்லது.

பதில் 1:
பவரை விடுங்கள். டார்க் (இஞ்சினின் திருப்பு விசை, அதாவது இழுவை) எந்த ஆர்பிஎம்மில் (இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) உச்சத்துக்கு வருகிறது என்று இரண்டு கையேட்டிலும் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கும். அதோடு, எஃப்ஐ வண்டியில் புகை சுத்தமாக வர, காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற கணக்கை ஒட்டியே கலக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக வைத்திருந்தால் தாழ்ந்த ஆர்பிஎம்மிலும் தாக்குப்பிடிக்கும்.

அதே மேட்டில் அம்மாவோடு மூன்றாவது கியரில், 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து ஏறிப் பாருங்கள். சுத்தமாக இழுத்தால் இஞ்சின் நன்றாக இருக்கிறது. அங்கேயும் திணறினால் ஏர் ஃபில்டர், டயர் காற்று, செயின் தொய்வு பாருங்கள். அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, உரசாமல் சுற்றுகிறதா பாருங்கள்.

கேட்டவர்:
அண்ணா, பார்த்துவிட்டேன். பழையதன் உச்ச டார்க் 12.5 என்எம் (நியூட்டன் மீட்டர்), 5,500 ஆர்பிஎம்மில். புதியது 13.9 என்எம், ஆனால் 7,500-இல். மூன்றாவதில் ஏறிவிட்டது, இருந்தாலும் கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது. பின் சக்கரம் அரைச் சுற்றுகூடப் போகாமல் உரசி நிற்கிறது. ஓட்டி வந்ததும் பிரேக் டிரம்மைத் தொட்டேன், கை சுட்டுவிட்டது.

பதில் 1:
நான்காவதில் உதறுவது கோளாறில்லை. புதியதன் டார்க் 7,500-இல்தான் உச்சத்துக்கு வருகிறது, நான்காவதில் 40 கி.மீ. வேகத்தில் இஞ்சின் அவ்வளவு சுற்றாது. மூன்றாவதிலும் பாரமாக இருந்ததற்குக் காரணம் பிரேக்தான்! சர்வீஸில் பின் பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். பிரேக் ராடு முனையில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், பெடலில் கையேடு சொல்கிற அளவு ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இருக்க வேண்டும். ஓட்டும் முன் பிரேக் பிடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பதில் 2:
பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரத்தில்) இரண்டு பல் கூட்டினால் இழுவை வரும் என்று யாராவது சொல்வார்கள். வரும்தான். ஆனால் நெடுஞ்சாலையில் இஞ்சின் கத்தும், மைலேஜும் குறையும். வேண்டாம்.

இன்னொன்று. பழையதில் பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வுக்குத் திருப்பி ஓட்டியிருப்பீர்கள். இதில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில்தான் குளிர்கிறது, அதனால் வற்றும்வரை விடாதீர்கள். பேட்டரி முழுக்க இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது, பம்புக்குக் கரண்ட் வேண்டும். ஆனால் ஈரச் சாலையில் சட்டென்று பிரேக் பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் காப்பாற்றும். அம்மா பின்னால் உட்காரும் வண்டிக்கு எனக்கு அதுதான் முக்கியம்.

கேட்டவர்:
நட்டை மூன்று சுற்று தளர்த்தினேன், சக்கரம் இப்போது தாராளமாகச் சுற்றுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது. மூன்றாவதில் அம்மாவோடு லேசாக ஏறிவிட்டது. நான்காவதில் உதறல் குறையவில்லை, கியரை இறக்கிப் பழகிக்கொள்கிறேன். ஆனால் பின் சீட் உயரம், பிடிக்கக் கம்பியும் இல்லை. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துத்தான் ஏறுகிறார். அதற்கு வழி கிடைக்கும்வரை பழையதை விற்கவில்லை. இந்த மாதிரி சீட்டுக்குக் கைப்பிடி மாட்டியவர்கள் இருந்தால் எந்த போல்ட்டில் மாட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.